பென்னை மன்னிக்கலாமா?

அக்காவைக் கண்டாலே ஆகாத ஒரு தங்கை. வீட்டில் எல்லாருடைய கவலையும் அக்காவைச் சுற்றியே இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல், அவளுக்கு மருந்து, அவள் தூங்குகிறாள், சத்தம் போடாதே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தங்கை, மனிதப் பிறவியே அல்லாத ஒருவனிடம் போய், அக்காவைக் கொண்டுபோய்விடும்படி கேட்டுவிடுகிறாள். கேட்டது நடந்தும்விடுகிறது.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஃபிரான்சஸ் ஹார்டிங்கின் 'குக்கூ சாங்' நாவலைப் படித்தவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தத் தங்கையிடம் வந்து நின்றுவிடுகிறது. பென் என்ற அந்தச் சிறுமியை மன்னிக்கலாமா, கூடாதா? இளையோருக்காக எழுதப்பட்ட ஒரு மாயக்கதையில் இவ்வளவு கனமான கேள்வி இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. வாசகர்கள் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்கள் ஒன்றோடொன்று மோதுவது அதைவிடப் பிடித்திருக்கிறது.

நாவல் 2014-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கான பெருமைமிக்க விருதான கார்னகி பதக்கத்தின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே 2015-இல் பிரிட்டிஷ் ஃபேன்டசி விருதுகளில் சிறந்த ஃபேன்டசி நாவலுக்கான ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் விருதைப் பெற்றது. அது பெரியவர்களுக்கான நாவல்களும் போட்டியிடும் பிரிவு. ஹார்டிங் அடுத்து எழுதிய 'த லை ட்ரீ' 2015-ஆம் ஆண்டுக்கான கோஸ்டா விருதில் 'ஆண்டின் சிறந்த நூல்' ஆனது. ஃபிலிப் புல்மனுக்குப் பிறகு அந்த மகுடம் ஒரு சிறுவர் நூலுக்குக் கிடைத்தது அப்போதுதான். அந்த வெற்றிக்குப் பிறகே பலர் பின்னோக்கி வந்து 'குக்கூ சாங்'கைக் கண்டுகொண்டார்கள். இரண்டையும் படித்தவர்களில் கணிசமானோர் முந்தியதே மேல் என்கிறார்கள். நானும் அவர்கள் கட்சி.

கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. தெரியாமலே படிக்க விரும்புகிறவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வருவது நல்லது.

முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன இங்கிலாந்து. எல்செஸ்டர் என்ற கற்பனை நகரம். அங்கே பாலங்களும் கட்டடங்களும் எழுப்பிப் பெயர் வாங்கிய பொறியாளர் பியர்ஸ் கிரெசன்ட். மூத்த மகன் செபாஸ்டியன் போரில் மாண்டுவிட்டான். மிச்சம் இரண்டு பெண் பிள்ளைகள்: எப்போதும் நோயாளியாகவே வளர்க்கப்படும் டிரிஸ், எப்போதும் திட்டு வாங்கும் பென். விடுமுறைக்குப் போன இடத்தில் டிரிஸ் ஒரு குளத்தில் விழுந்துவிடுகிறாள். கண்விழிக்கும்போது நினைவுகள் கலைந்துகிடக்கின்றன. பசியோ அடங்க மறுக்கிறது. தோட்டத்தில் விழுந்து அழுகும் ஆப்பிள்களைத் தின்கிறாள். பிறகு ஒரு பொம்மையைத் தின்கிறாள். காலையில் எழுந்தால் தலைமுடியில் காய்ந்த இலைகள். அழுதால் கண்ணிலிருந்து வருவது சிலந்தி நூல். அவளைப் பார்த்த கணத்திலிருந்து பென் கத்திக்கொண்டே இருக்கிறாள்: இவள் என் அக்கா இல்லை, நடிக்கிறாள், உங்களுக்குத் தெரியவில்லையா?

பென் சொல்வது உண்மை. இவள் டிரிஸ் அல்ல. இலையும் முள்ளும் சுள்ளியும், டிரிஸின் நாட்குறிப்பிலிருந்து கிழித்த தாள்களும் கொண்டு செய்த உருவம். அவளுக்கு டிரிஸின் நினைவுகளைக் கொடுத்து, டிரிஸ் என்றே நம்பவைத்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏழு நாளில் உதிர்ந்துபோவாள். உண்மையான டிரிஸை எடுத்துப் போனவர்கள், மனிதர்களுக்கு அருகிலேயே, மனிதர்கள் பார்க்காத இடங்களில் வாழும் 'பிசைடர்கள்' என்ற மாய இனத்தார். ஃபேரி என்றதும் நினைவுக்கு வரும் மெல்லிய சிறகும் மந்திரக்கோலும் இவர்களிடம் கிடையாது. தேவாலய மணியோசை அவர்களை வாட்டுகிறது. வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்கப்பட்ட இடங்களில் அவர்களால் வாழ முடிவதில்லை. அவர்களுக்குத் தலைவனைப் போல வருபவன் 'ஆர்க்கிடெக்ட்'. அந்தப் பொய்ச் சிறுமியைச் செய்த கைவினைஞன் பெயர் 'ஷ்ரைக்'. நம்மூர்க் கீச்சான் குருவியின் ஆங்கிலப் பெயர் அது. பிடித்த இரையை முள்ளில் குத்தி வைத்துத் தின்னும் பறவை.

வாசகர்களின் முதல் கருத்து வேறுபாடு தொடக்கத்தைப் பற்றியது. சுமார் நூறு பக்கம் வரைக்கும் எதுவும் நகரவில்லை, ஒரு பெண் தின்றுகொண்டே இருக்கிறாள், பயந்துகொண்டே இருக்கிறாள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவள் டிரிஸ் அல்ல என்பதை அட்டையின் பின்புறக் குறிப்பிலேயே ஊகித்துவிட முடிகிறபோது, அவள் அதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நூறு பக்கங்களைச் சுருக்கினால் பிறகு வரும் எதற்கும் எடை இருக்காது என்றே நினைக்கிறேன். தான் யார் என்பதையே மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவளால் தெரிந்துகொள்ள முடிகிறது. அம்மாவின் முகம் பொய் சொல்கிறது, அப்பாவின் முகம் தவிர்க்கிறது, தங்கையின் முகம் மட்டும் வெறுக்கிறது. அந்த வெறுப்பு ஒன்றுதான் அந்த வீட்டில் உண்மை. இதை வாசகர் உடம்பில் உணரும் அளவுக்கு அந்த மெதுவான நடை வேண்டியிருக்கிறது.

அவள் எதைத் தின்கிறாள் என்பதைக் கவனித்தவர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். சோறு, ரொட்டி, கறி எதுவும் அவள் பசியைத் தீர்ப்பதில்லை. டிரிஸ் ஆசையாக வைத்திருந்த பொருள்கள் மட்டுமே தீர்க்கின்றன. பொம்மை, சின்னச் சின்ன அணிகள், பிறந்தநாள் பரிசுகள் என்று இன்னொருத்தியின் வாழ்க்கையைத் துண்டு துண்டாக விழுங்கித்தான் அவளால் சேர்ந்து நிற்க முடிகிறது. பயங்கரமான கற்பனை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தர வேண்டாம் என்று பெற்றோர்கள் சிலர் எழுதுவதும் இந்தக் காட்சிகளுக்காகத்தான். பொம்மைகள் அசைந்து அலறும் பக்கங்களை இரவில் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை என்று பெரியவர்களே சொல்கிறார்கள். என் கணக்கிலும் பன்னிரண்டு, பதிமூன்று வயது சரியான தொடக்கம். அதற்கு மேல் தடுக்க வேண்டியதில்லை. இந்தப் புத்தகத்தின் பயத்தில் ரத்தம் குறைவு. நான் யாருக்கும் வேண்டாதவளோ என்ற பயம்தான் நிறைய. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே பழக்கமானது.

மொழி நடை குறித்தும் கட்சி பிரிந்திருக்கிறார்கள். ஹார்டிங் உவமை இல்லாமல் ஒரு பத்தி நகர்வது அபூர்வம். ஒவ்வொன்றும் புதியது, கூர்மையானது. ஆனாலும் தொடர்ந்து படிக்கும்போது மூச்சு முட்டுகிறது என்று சொல்பவர்களோடு என்னால் சண்டை போட முடியாது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய நாவல் இல்லை இது.

இந்தக் கதை ஏன் அந்த ஆண்டுகளில் நடக்க வேண்டும் என்பதைப் பற்றி வாசகர்கள் பேசுவது குறைவு. அது எனக்கு ஒரு குறை. பின்னணி சும்மா அலங்காரம் அல்ல. பிரிட்டன் அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இழந்தது. போர்க்களத்தில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று அரசு முடிவெடுத்திருந்தது. அதனால் எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் செய்தி வந்தது, சவம் வரவில்லை. பார்க்காத சாவை நம்புவது எப்படி? ஆவிகளோடு பேசும் கூட்டங்கள் அந்த ஆண்டுகளில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாவலில் கிரெசன்ட் வீட்டில் செபாஸ்டியனின் அறை அப்படியே இருக்கிறது. அவன் மேசை இழுப்பறையில் அவன் எழுதிய கடிதங்கள், அவன் இறந்த பிறகும், வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பனியைப் பற்றியும் முடியாத போரைப் பற்றியும் அவன் எழுதுகிறான். பெற்றோர் அந்தக் கடிதங்களை ஒளித்துவைக்கிறார்கள். மகனின் சாவை ஏற்றுக்கொள்ள முடியாத தந்தை ஆர்க்கிடெக்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம்தான் எல்லாத் துன்பத்துக்கும் வேர். மகனின் சுவடு ஒன்று கையில் இருக்கும், அதற்குப் பதிலாகப் பிசைடர்களுக்கு நகரத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். ஒப்பந்தம் முறிகிறபோது விலையை மகள் கொடுக்கிறாள்.

இதே காலத்தில், கற்பனைக்கு வெளியே, இன்னொரு தந்தை இருந்தார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயல். அவர் மகன் கிங்ஸ்லி 1916-இல் சோம் போர்க்களத்தில் காயம்பட்டார். 1918 அக்டோபரில், ஃப்ளூ காய்ச்சல் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தபோது, நிமோனியாவில் இறந்தார். டாயல் அதற்கு முன்பே ஆவியுலக நம்பிக்கையில் இருந்தவர். மகனுக்குப் பிறகு அதையே தன் ஊழியமாக்கிக்கொண்டார். 1920 டிசம்பரில் 'த ஸ்ட்ராண்ட்' இதழில், யார்க்‌ஷரின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் ஃபேரிகளைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினார். 1922-இல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

அந்தச் சிறுமிகளின் கதை இந்த நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. எல்சி ரைட், அவளைவிட ஆறு வயது இளையவளான ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸ், ஒன்றுவிட்ட சகோதரிகள். ஃபிரான்சஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து எல்சியின் வீட்டில் தங்கியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையில் இறங்கி நனைந்துவந்து திட்டு வாங்கியவள், ஃபேரிகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பெரியவர்கள் சிரித்தார்கள். எல்சி அவள் பக்கம் நின்றாள். அப்பாவின் கேமராவைக் கேட்டு வாங்கி, ஒரு சிறுவர் நூலில் இருந்த படங்களைப் பார்த்து ஃபேரிகளை வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்தி, 1917-இல் இரண்டு படங்கள் எடுத்தார்கள். 1920-இல் இன்னும் மூன்று. பொய் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்காமல் 1983 வரை வாய் திறக்கவில்லை. அப்போதும் ஃபிரான்சஸ் கடைசிப் படம் மட்டும் உண்மை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படங்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, திட்டு வாங்கிய சின்னப் பெண்ணுக்காக ஒரு பெரிய பெண் நின்றதுதான்.

ஃபேரிகள் பிள்ளையை மாற்றிவைத்துவிடும் என்ற மாற்றுக்குழந்தை நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறந்துவிட்டு இந்த நாவலைப் படித்தால் பாதிதான் படித்ததாகும். பிரிட்டிஷ் தீவுகளிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும், ஃபேரிகள் நல்ல குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கள் கிழட்டுப் பிறவி ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிடும் என்று நம்பினார்கள். நோஞ்சானாகப் போன குழந்தை, பேச்சு வராத குழந்தை, வளர்ச்சி நின்ற குழந்தை, இவர்கள் மீதுதான் சந்தேகம் விழுந்தது. தொட்டிலின் மேல் கத்தரிக்கோலைத் திறந்து தொங்கவிடுவது தடுப்பு. இரும்பும் சிலுவை வடிவமும் ஒரே பொருளில். முட்டையோட்டில் கஞ்சி காய்ச்சி, அது திகைத்துப்போய்த் தன் வயதை உளறுகிறதா என்று பார்ப்பது சோதனை. கடைசி வழி நெருப்பு. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில், நோய்வாய்ப்பட்டிருந்த 26 வயது பிரிஜெட் கிளியரியை, இவள் என் மனைவியே அல்ல, ஃபேரிகள் விட்டுச்சென்ற போலி என்று சொல்லி, உறவினர்கள் கூடியிருந்த வீட்டிலேயே கணவன் மைக்கேல் தீயிட்டான். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று தீர்ப்பாகி, 15 ஆண்டு சிறையிலிருந்தான்.

ஹார்டிங் இதையெல்லாம் அறிந்துதான் எழுதியிருக்கிறார் என்பது கிரேஸ் என்ற தையல்காரர் வரும் இடத்தில் தெரிகிறது. கத்தரிக்கோலோடு வரும் அவர், போலியை நெருப்பில் போட்டால் உண்மையான மகள் திரும்புவாள் என்கிறார். தந்தை சம்மதிக்கிறார். பழைய கதைகள் எல்லாம் வீட்டார் பக்கம் நின்று சொல்லப்பட்டவை. நெருப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தூக்கி எறியப்படப் போகிறவளின் கண்ணால் நம்மைப் பார்க்கவைக்கிறது இந்த நாவல். தலைப்பில் வரும் குயிலின் குஞ்சு கூட்டிலுள்ள மற்ற முட்டைகளைத் தள்ளிவிடும் என்று பயந்து படிக்க ஆரம்பித்தவர்கள், கூட்டுக்காரர்களே பயங்கரமானவர்கள் என்பதை அங்கே உணர்கிறார்கள்.

அந்த நெருப்பிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறவள் பென்.

நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாசகர் சண்டையும் இங்கேதான். பென்னை மன்னிக்க முடியாது என்பவர்களின் வாதம் நேரானது: அவள் அக்காவைக் கடத்த வழிசெய்தவள். நாட்குறிப்பைத் திருடித் தந்தவள். பொய் சொல்பவள், ஒட்டுக்கேட்பவள், கத்துபவள். இப்போது போலியைக் காப்பாற்றுவது பாசத்தினாலா? தான் செய்தது வெளியே வந்துவிடுமே என்ற பயத்தினாலா? முதலில் குற்ற உணர்ச்சிதான், பாசம் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது என்று இவர்கள் சொல்வது ஓரளவு சரிதான்.

மறுதரப்பு, அவள் வயதைப் பார்க்கச் சொல்கிறது. நோயாளிப் பிள்ளைக்கு எல்லாக் கவனமும் போய்விடும் வீட்டில், நோய் இல்லாத பிள்ளைக்குக் கிடைப்பது கண்டிப்பு மட்டும்தான். அண்ணன் இறந்த துக்கத்தை இந்த வீட்டில் பென்னிடம் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதாகத் தெரியவில்லை. அவள் கெட்ட பிள்ளை என்று முடிவாகிவிட்ட பிறகு, கெட்டது செய்வதற்கு அவளுக்குத் தடை ஏது? இப்படி எழுதும் வாசகர்களில் பலர் வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவர்கள் என்பதை அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நோயுற்ற உடன்பிறப்போடு வளர்ந்தவர்கள் இந்தப் புத்தகத்தை வேறு யாரும் படிக்காத விதத்தில் படிக்கிறார்கள். அவர்கள் கருத்தைப் படிக்கும்போது நாவலே எனக்கு இன்னொரு முறை திறக்கிறது.

இரண்டு தரப்பும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் வந்திருப்பவள் யார் என்பதைப் பார்த்த ஒரே ஆள் பென்தான். பெற்ற தாய்க்குத் தெரியவில்லை, தகப்பனுக்குத் தெரியவில்லை. அன்பு என்ற பெயரில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தங்கள் கவலையைத்தான், மகளை அல்ல. பென் அக்காவை வெறுத்தாள், ஆனால் அக்கா எப்படிப் பேசுவாள், எப்படிப் பார்ப்பாள் என்பது அவளுக்கு அத்துப்படி. பொய்யாக வந்தவளிடம் அவள் போட்ட கூச்சல்கூட, முதல் நாளிலிருந்தே, அவளை டிரிஸாக இல்லாமல் அவளாகப் பார்த்துப் போட்ட கூச்சல். பிறகு நட்பு வரும்போது அது வெறுங்கையோடு வரவில்லை. இருவருக்கும் மறைக்க எதுவும் மிச்சமில்லை. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும், நான் என்ன பொருளால் ஆனவள் என்று உனக்குத் தெரியும். பொய்யாக வந்தவளின் முள் பற்களைப் பார்த்த பிறகும் பென் ஓடிப்போகவில்லை. நாட்குறிப்பைத் திருடியவள் என்று தெரிந்த பிறகும் அவள் பென்னை விட்டுவிடவில்லை. சேர்ந்து விளையாடியதால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால், ஒரே ரசனை இருந்ததால் வரும் நட்பைப் பற்றி இளையோர் நாவல்கள் நிறைய எழுதிவிட்டன. ஒருவரின் மிக மோசமான பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பக்கத்தில் உட்காரும் நட்பை இவ்வளவு நுட்பமாக எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து குறைவு.

பென்னை மன்னிக்கும் உரிமை வாசகருக்கு இல்லை என்பதும் அதனாலேயே எனக்குத் தோன்றுகிறது. மன்னிக்க வேண்டிய இருவர் கதைக்குள் இருக்கிறார்கள். ஒருத்தி மன்னித்துவிடுகிறாள், அதுவும் அவளுக்கு இருக்கும் ஏழே நாளில். அவள் தலைக்குள் இருக்கும் நினைவுகள் டிரிஸினுடையவை என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்த நினைவுகளோடு பென் மீதான பழைய எரிச்சலும் வந்திருக்கிறது. டிரிஸைப் போல நடப்பதுதான் அவளுக்கு எளிது. பென்னிடம் கனிவாக நடந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் அவள் டிரிஸிலிருந்து ஒரு அடி விலகித் தானாகிறாள். சினிமா அரங்கில் பென் திரைக்குள் இழுபடும் காட்சியை, ஓசையில்லாப் படங்களின் காலத்தை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய காட்சி வேறெங்கும் இல்லை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அழகு இருக்கட்டும். அவள் முன்பின் யோசிக்காமல் பென்னுக்காகப் பாயும் இடம் அது. அங்கே அவள் யாருடைய போலியும் அல்ல.

இந்த நட்பில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். வாசகர்களின் செல்லம். வயலட் பாரிஷ், செபாஸ்டியனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள், முடியைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள், ஓரிடத்தில் நிலைத்துத் தங்க மாட்டாள். தங்கினால் பனி பெய்யத் தொடங்கிவிடும். செபாஸ்டியனின் முடியாத குளிர்காலம் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. கிரெசன்ட் வீட்டாருக்கு அவள் பொருளுக்கு ஆசைப்படும் தறுதலை. 1921 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 லட்சம் அதிகம் என்று தெரிந்தபோது, பத்திரிகைகள் அவர்களை 'உபரிப் பெண்கள்' என்றே எழுதின. வயலட் அவர்களில் ஒருத்தி. மனைவியும் அல்ல, விதவையும் அல்ல. துக்கம் கேட்க யாரும் வராத துக்கம் அவளுடையது. அவள் வாசலில் இரண்டு சிறுமிகள், அதில் ஒருத்தி மனிதப் பிறவியே அல்ல, வந்து நிற்கும்போது அவள் கேட்கும் கேள்விகள் மிகக் கொஞ்சம். வண்டியைக் கிளப்புகிறாள். பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு நண்பராக இருப்பது எப்படி என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது. அறிவுரை சொல்வதில்லை, பொய்யாக ஆறுதல் சொல்வதுமில்லை.

காதல் இல்லை என்று வருந்தும் வாசகர்களையும் குறிப்பிட வேண்டும். இளையோர் ஃபேரி நாவல் என்றால் இன்று ஒரு வார்ப்பு இருக்கிறது. ஹாலி பிளாக்கின் 'டைத்' 2002-இல், மெலிசா மாரின் 'விக்கெட் லவ்லி' 2007-இல் வந்தன. பிளாக்கின் 'த க்ரூயல் பிரின்ஸ்' 2018-இல் வந்தபோது, அழகான, கொடுமையான ஃபேரி இளவரசனும் அவனிடம் மனம் பறிகொடுக்கும் பெண்ணும் என்பது அந்த வகையின் அடையாளமாகவே ஆகியிருந்தது. அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். பிளாக்கின் நூல்களில் நட்பும் உடன்பிறப்பும் பெரிய இடம் பெறுகின்றன. ஆனால் அந்தப் பசியோடு 'குக்கூ சாங்'குக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே ஆர்க்கிடெக்ட் அழகானவன்தான், கொடுமையானவன்தான், யாரும் அவனிடம் மயங்குவதில்லை. ஒரு பெண்ணுக்கு உயிர் கொடுப்பது ஓர் ஆணின் முத்தமல்ல, ஒரு தங்கையின் பிடிவாதம் என்பதே தங்களுக்கு இந்த நாவல் தந்த விடுதலை என்று எழுதும் இளம் வாசகியரோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

பெற்றோரை ஆசிரியர் லேசாக விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. பெண்ணை நெருப்பில் போடச் சம்மதித்த தந்தை, மகளை நோயாளியாகவே வைத்திருந்து தன் பயத்தைத் தீர்த்துக்கொண்ட தாய், இருவருக்கும் தண்டனை எங்கே என்கிறார்கள். எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. மகன் முழுதாகச் சாகவும் முடியாமல் பனியில் நின்றுகொண்டிருக்கிறான், அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய தண்டனையை எந்த நாவலாசிரியர் தர முடியும்?

இந்த நாவலின் நிஜமான குறை வேறு. அதைச் சில வாசகர்கள் மட்டுமே சொல்கிறார்கள். உண்மையான டிரிஸுக்கு இந்தப் புத்தகத்தில் இடம் போதவில்லை. கடத்தப்பட்டவள் அவள், விற்கப்பட்டவள் அவள், அவள் பொருள்கள் தின்னப்பட்டன, அவள் முகத்தை இன்னொருத்தி அணிந்துகொண்டாள். ஆனால் நாம் அவளை அறிவதெல்லாம் அவள் நினைவுகளைக் கடன் வாங்கியவள் வழியாகத்தான். அந்த நினைவுகளில் அவள் கொஞ்சம் குற்றம் கண்டுபிடிக்கும் பிள்ளை, நோயைச் சலுகையாகப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளை. அவள் பக்கம் நின்று சொல்ல யாரும் இல்லை. போலியாக வந்தவள் மீது நமக்குப் பாசம் கூடக் கூட, டிரிஸ் திரும்பி வருவதே ஒரு இடைஞ்சலாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. இது ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த பொறியாக இருக்கலாம். அப்படியானால் பொறி வேலை செய்கிறது, ஆனால் அதில் மாட்டிய பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பென்னை மன்னிக்க வேண்டிய இரண்டாவது ஆள் டிரிஸ். அவள் அந்த மன்னிப்பைத் தந்தாளா, எப்படித் தந்தாள், எத்தனை இரவு தூங்காமல் கிடந்து தந்தாள் என்பதற்கு இன்னும் ஐம்பது பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

முடிவைப் பற்றியும் அதே போல இரண்டு கருத்து. இலையாலும் முள்ளாலும் ஆனவள் கடைசியில் டிரிஸ்டா என்ற தனிப் பெயரோடு, கிரெசன்ட் வீட்டுக்கு வெளியே தன் வழியைத் தேடிப் போகிறாள். மூன்று பெண்களும் ஒரே வீட்டில் சகோதரிகளாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண் கலங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் அவள் தங்கினால் என்ன ஆவாள் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் டிரிஸின் எதிரே டிரிஸின் முகத்தோடு உட்கார வேண்டும். தன்னை நெருப்பில் போடச் சம்மதித்தவரை அப்பா என்று கூப்பிட வேண்டும். பென்னும் இரண்டு அக்காக்களில் யார் பக்கம் என்று தினமும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நண்பர்கள் ஒரே வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வயலட்டின் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. டிரிஸ்டா அதில் ஏறியது சரியான முடிவு என்றே சொல்வேன்.